டிரைவரின் வலது கை

கீழே வருகிற நேரங்களை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. எங்கள் கிளினிக்கின் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறேன். அதில் இருப்பது என் கையெழுத்து. ஆகவே, "கனவு ஏதாச்சும் கண்டிருப்பீங்க" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அதை என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, அணைந்துபோகும் விளக்கு என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். என்னிடம் வந்தது வேலை நேரத்தில் வந்தது. மாலை நாலு பத்துக்கு வரும். நாலு இருபத்தேழுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களின் கை கால்களை மறுபடி அசைய வைப்பது என் வேலை. இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

எங்கள் தலைமை டாக்டருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டாப்வாட்ச். எதையும் நிமிஷக் கணக்கில்தான் பேசுவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, மேஜை மேல் இருந்த அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"ஒரு குடும்பம் கொடுத்துட்டுப் போனாங்க. வீட்டுல சும்மா கிடந்துச்சாம். பன்னிரண்டு வாரம் ஓட்டிப் பாருங்க. பேஷன்ட் கை எவ்வளவு தூரம் தூக்குறாங்கன்னு வாராவாரம் எனக்கு கிராஃப் வேணும். சரியா வரலைன்னா உங்க பயிற்சி ரூமை எக்ஸ்ரே பிரிவுக்குக் கொடுத்துடலாம்."

உள்ளே ஒரு வீடியோ கேம் பெட்டி. இரண்டு கன்ட்ரோலர்கள். கையில் பிடித்துக்கொண்டு கையை வீசினால், டிவியில் இருக்கும் பொம்மையும் கையை வீசும். டென்னிஸ், கோல்ஃப், பௌலிங் மூன்றும் இருந்தன. நோயாளிகளுக்குத் தோதானது பௌலிங்தான். கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசினால் பந்து உருளும். அந்தக் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகள் சாயும். எளிது.

எளிது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் வாரம் முழுக்க அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். டிவி மேல் ஒரு சென்சார் பட்டையை ஒட்ட வேண்டும். ஜன்னலில் வெயில் பட்டால் அது குருடாகிவிடும். திரையை இழுத்து மூடினால் அறையில் புழுக்கம். திரையைத் திறந்தால் பொம்மை சுவரைப் பார்த்துப் பந்து வீசுகிறது. கன்ட்ரோலரை மேஜையில் கவிழ்த்து வைத்துச் சரிசெய்ய வேண்டும், அதுவும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தடவை. அரை மணி நேரப் பயிற்சியில் பத்து நிமிஷம் இதற்கே போய்விடும். நாலு பேட்டரி வாங்கித் தரச் சொல்லி ஸ்டோருக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். கடைசியில் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் லேட்.

ஆறு நோயாளிகள். ஐந்து பேர் எப்படியோ பழகிவிட்டார்கள். ஆறாவது ஆள்தான் டிரைவர்.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். வலது கை மொத்தமாக விழுந்துவிட்டது. ஊன்றுகோலோடு நடப்பார். பேச்சு லேசாக வழுக்கும். வலது முழங்கைக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது. ஊசியால் குத்தினாலும் தெரியாது, ஐஸ் வைத்தாலும் தெரியாது. நானே நாலு தடவை சோதித்து எழுதியிருக்கிறேன். அவருடைய நேரம் மாலை நாலு முதல் நாலரை வரை.

நான் ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணிப் பயிற்சி கொடுப்பதால் என்னை டீச்சர் என்பார். கிண்டலாகத்தான்.

"டீச்சர், நாப்பது அடி வண்டியை ஒத்தைச் சந்துல திருப்புன கை இது. இதுல பொம்மை விளையாட்டா?"

"அந்தக் கை இப்ப சோத்துக்கையா இருக்கா, வெறும் கையா இருக்கா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. ஒன்பது வாரத்தில் மருத்துவக் குழு அவரைப் பரிசோதிக்கப் போகிறது. கை தேறியிருந்தால் மறுபடி ஸ்டீயரிங். தேறாவிட்டால் வேலையிலிருந்து நிரந்தர ஓய்வு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அவருக்கு மூச்சு முட்டியது.

ஆகவே கன்ட்ரோலரை அவருடைய வலது கையில் வைத்து, ஒட்டுப்பட்டையால் சுற்றிக் கட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி தோளை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கை தொங்கும் கயிறு மாதிரி ஆடினாலே போதும். பந்து மெதுவாக உருண்டு ஓரப் பள்ளத்தில் விழும். மறுபடி. மறுபடி ஓரப் பள்ளம்.

அவருக்கும் எரிச்சல். எனக்கும் எரிச்சல்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. குறிப்பேட்டில் இருக்கிறது. மாலை 4.10.

டிரைவர் கையை அசைக்கவில்லை. மனைவியிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். கை மடியில் கிடந்தது.

டிவியில் பொம்மை கையைப் பின்னால் இழுத்தது. வீசியது. பந்து நேராக ஓடியது.

டடடக்...

ஒன்பது கட்டைகள் சாய்ந்தன. இடது ஓரத்தில் ஒன்று மட்டும் நின்றது.

"நான் எதுவும் பண்ணலையே" என்றார் டிரைவர்.

கன்ட்ரோலர் கோளாறு என்றேன். பட்டையை அவிழ்த்து, பேட்டரியைத் தட்டி, மறுபடி சரிசெய்து கட்டினேன். அன்றைக்கு அப்படியே ஏழு தடவை ஆயிற்று. ஏழு தடவையும் ஒன்பது கட்டைகள். ஏழு தடவையும் அதே இடது ஓரக் கட்டை நின்றது.

நாலரைக்கு அவர் கிளம்பியதும் அந்தப் பெட்டியை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை ஸ்டாப்வாட்ச் கூப்பிட்டார். அந்தப் பெட்டிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் விளையாடினார்கள் என்று தானே குறித்துவைத்துக்கொள்ளும். கிராஃப் போட அதைத்தான் பார்ப்பேன். அவரும் பார்த்திருக்கிறார்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பதினேழு நிமிஷம் ஓடியிருக்கு. யாரு வந்து விளையாடுனது?"

"யாரும் இல்ல டாக்டர். ரூம் பூட்டியிருந்துச்சு."

"அப்ப யாரு? நீங்க அணைக்காம விட்டுட்டுப் போயிருக்கீங்க."

அணைக்காமல் விட்டால் இரண்டு நாள் முழுக்க அல்லவா ஓடியிருக்க வேண்டும்? பதினேழு நிமிஷம் மட்டும் எப்படி ஓடும்? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எங்கள் கிளினிக்கில் கேள்வி கேட்டால், அதற்குப் பதில் எழுதுகிற வேலையும் நம் தலையில்தான் விழும்.

நேரத்தைப் பார்த்தேன். சனி 4.10 முதல் 4.27 வரை. ஞாயிறு 4.10 முதல் 4.27 வரை.

அந்த வாரக் கடைசியில் இரண்டு கன்ட்ரோலர்களிலிருந்தும் பேட்டரியைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியின் மின்வயரையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். அறையைத் துப்புரவு செய்யும் அக்கா முன்னாலேயே கதவைப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தேன்.

"என்னம்மா, தங்கம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா உள்ள?" என்று சிரித்தார் அக்கா.

திங்கட்கிழமை காலை 8.40க்கு நானே திறந்தேன். வயர் நான் போட்ட இடத்தில் தரையில் கிடந்தது. சொருகினேன். டிவியைப் போட்டேன்.

சனி, ஞாயிறு. இரண்டு நாளும் 4.10 முதல் 4.27. பதினேழு நிமிஷம்.

என் கைப்பையில் பேட்டரிகள் அப்படியே இருந்தன.

பயமா? அப்போது இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது கோபம். ஏற்கெனவே ஆறு பேருடைய கிராஃப், இரண்டு வருஷமாக வராத சம்பள உயர்வு, மூடினால் புழுங்கும் அறை... இதில் இது வேறா?

அன்று மாலை டிரைவர் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். மனைவி வெளியே வராந்தாவில். நான் கன்ட்ரோலரைக் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். 4.10.

"டீச்சர்... கையை விடுங்க. ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க."

நான் அவருக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"எந்தக் கையை?"

"இந்தக் கைதான்." இடது கையால் வலது கையைக் காட்டினார்.

ஊசி குத்தினால் தெரியாத கை அது.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். அவருடைய வலது விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். "இப்ப என்ன தெரியுது?" ஒன்றும் தெரியவில்லை என்றார். பேனா முனையால் அழுத்தினேன். தெரியவில்லை என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்து நின்றேன்.

"இப்ப?"

"ஒரு கை பிடிச்சிருக்கு. பின்னாடியிலேருந்து. சின்னப் பிள்ளைக்கு எழுதப் பழக்குறப்ப பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி." தலையைச் சாய்த்துக்கொண்டார். "ஆம்பிளைக் கை. சூடா இருக்கு டீச்சர். காய்ச்சல்காரன் கை மாதிரி கொதிக்குது."

அவருடைய கை எழுந்தது.

தொங்கும் கயிறு மாதிரி அல்ல. முழங்கை மடங்கி, மணிக்கட்டு நிமிர்ந்து, தோள் வரை வந்தது. பின்னால் போனது. வீசியது.

டடடக்... ஒன்பது கட்டைகள். இடது ஓரக் கட்டை நின்றது.

4.27க்குக் கை மடியில் விழுந்தது. பட்டையை அவிழ்த்தேன். புறங்கையில் நாலு பள்ளங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. பக்கவாட்டில் ஒரு பெரிய பள்ளம். விரல் பதிந்த இடங்கள். நான் பார்க்கப் பார்க்க மெல்லச் சிவந்து மறைந்தன.



அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். தினமும் அளந்தேன். 4.05க்குக் கையைத் தூக்கச் சொல்வேன். பூஜ்யம். 4.15க்கு அளப்பேன். தொண்ணூறு டிகிரி. 4.28க்கு அளப்பேன். பூஜ்யம். இதை எந்த கிராஃபில் போடுவது? எந்தப் பாடப்புத்தகத்தில் தேடுவது?

ஒரு நாள் 4.15க்கு ஸ்டாப்வாட்ச் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டிரைவரின் கை தோள் வரை எழுந்து வருவதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அருமை! ஆறே வாரத்துல! இதைத்தான்மா நான் எதிர்பார்த்தேன்!"

"டாக்டர், இது..."

"எழுதுங்க, எழுதுங்க." போய்விட்டார்.

கதவு மூடியதும் டிரைவர் என்னைப் பார்த்தார். கை தன்பாட்டுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"டீச்சர். இது நான் இல்லன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"என்ன சொல்றீங்க?"

"குழுவுல எனக்கு நேரம் வாங்கிட்டேன். சாயங்காலம் நாலே காலுக்கு. அஞ்சு நிமிஷம் போதும். கையைத் தூக்கிக் காட்டிட்டு வந்துடுவேன்."

"அப்புறம்? அப்புறம் வண்டியை யாரு ஓட்டுறது? நாப்பது பேரை ஏத்திக்கிட்டு, காலையில எட்டு மணிக்கு எந்தக் கையால திருப்புவீங்க?"

"அதுக்குள்ள என் கையே வந்துடும்."

"வரலைன்னா?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நானும் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் யார்மீதாவது கத்தியாக வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டிருப்பவன்மீது கத்த முடியுமா?

முடியும். கத்தினேன். வெறும் காற்றைப் பார்த்து, "யாரு நீங்க? என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

கை நின்றது. பாதி வீச்சில், அந்தரத்தில் நின்றது.

பிறகு, என் கேள்வி காதிலேயே விழாத மாதிரி, வீசி முடித்தது.

ஒன்பது கட்டைகள்.

குழுவின் பரிசோதனைக்கு முந்தைய நாள். வியாழக்கிழமை. டிரைவர் 3.58க்கே வந்துவிட்டார். சவரம் செய்து, சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டிருந்தார். மனைவி வழக்கம்போல் வராந்தாவில் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தி, திரையை இழுத்தேன். ஜன்னல் ஓரத்தில் மெல்லிய வெயில் கோடு.

4.10. கை எழுந்தது.

அன்றைக்கு வீச்சு வேறு மாதிரி இருந்தது. அவசரம். முரட்டுத்தனம். ஒன்பது கட்டைகள். மறுபடி. ஒன்பது. மறுபடி. ஒன்பது.

"டீச்சர், கோபமா இருக்கான்" என்றார் டிரைவர்.

"யாரு?"

"இவன்தான். பிடி நடுங்குது."

4.16. கை கன்ட்ரோலரோடு நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி அடித்தது. டொக். மறுபடி, டொக். தோற்றுப்போனவன் அடிக்கிற மாதிரி.

டிரைவர் முகம் வெளுத்தது. கையில் வலி தெரியவில்லை. தோளில் தெரிந்தது.

4.19. கை பின்னால் போனது. மிகவும் பின்னால். தோள் மூட்டு அதற்கு மேல் போகாது என்பது எனக்குத் தெரியும். போனது.

"அம்மா..." என்று கத்தினார்.

வீசியது. வீசிய வேகத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஊன்றுகோல் இல்லாமல். நின்றார். இல்லை... நிறுத்தப்பட்டிருந்தார்.

ஒன்பது கட்டைகள்.

நான் டிவியை அணைத்தேன். அணையவில்லை. பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். படம் அப்படியே இருந்தது. பொம்மை பந்தோடு நின்றது.

4.24.

ஓடிப்போய் டிரைவரின் கையைப் பிடித்தேன். பட்டையை அவிழ்க்கத்தான். என் உள்ளங்கை அவருடைய புறங்கைமேல் பட வேண்டும்.

படவில்லை.

நடுவில் ஏதோ இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் என் உள்ளங்கைக்குக் கீழே... விரல்கள். என்னுடையவை அல்ல. அவருடையவையும் அல்ல. கணுக்கள் உருண்டையாகத் தட்டுப்பட்டன. நகம் வளர்ந்திருந்தது.

சுட்டது.

நான் கையை எடுத்தேனா? எடுக்க முடியவில்லை. என் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது பின்னால் போனது.

மெதுவாக.

முதல் தடவையாக, மெதுவாக...

டிரைவர் என் காதுக்குப் பக்கத்தில் முணுமுணுத்தார். "அவசரப்படாத தம்பி. வளைவுல அவசரப்படக் கூடாது. அப்படியே... நேரா விடு."

வீசினோம். மூன்று பேரும்.

பந்து உருண்டது.

டடடடக்...

இடது ஓரக் கட்டை ஆடியது.

ஆடியது...

சாய்ந்தது.

டிவியில் கைதட்டல். நாங்கள் இருவர் மட்டும் இருந்த அறையில், வயர் பிடுங்கிய பெட்டியிலிருந்து கைதட்டல்.

என் உள்ளங்கைக்குக் கீழே இருந்த சூடு போய்விட்டது. என் கை டிரைவரின் கைமேல் விழுந்தது. குளிர்ந்த, தளர்ந்த, வெறும் கை. டிவி அணைந்தது.

4.27.

டிரைவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். "போயிட்டான்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நாலே காலுக்குக் குழு முன்னால் அவர் உட்கார்ந்தார். கை அசையவில்லை. பதினைந்து நிமிஷம் காத்திருந்தாராம். குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் மனைவிதான் எழுந்து அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வேலை போயிற்று.

திங்கட்கிழமை வந்தார். என்மேல் எரிந்து விழுந்தார். நான் தொட்டதால்தான் அவன் போய்விட்டான் என்றார். அழுதார். பெட்டியைத் தொடாமல், பழையபடி ஒன்று, இரண்டு எண்ணிப் பயிற்சி கொடுத்தேன். ஸ்டாப்வாட்ச் என் கிராஃபைப் பார்த்தார். தொண்ணூறிலிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு விழும் கோடு. "அளக்கவே தெரியலையா உங்களுக்கு?" என்றார். ஒன்பது வார உழைப்புக்கு அந்த ஒரு வரிதான் கிடைத்தது. பன்னிரண்டு வாரம் முடியுமுன்பே அறையை எக்ஸ்ரே பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டி எங்கள் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கெஞ்சி, கொடுத்துவிட்டுப் போன குடும்பத்தின் போன் நம்பரை வாங்கினேன். அந்த வியாழக்கிழமை கழிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

ஒரு பெண் எடுத்தார். கிளினிக் பெயரைச் சொன்னேன்.

"நானே உங்களுக்குக் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார். "எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம இருந்தேன்."

"அந்த கேம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு..."

"அது என் தம்பியோடது. அதுல பைத்தியமா இருப்பான். மாடிப்படியில விழுந்து தலையில அடி. பதினாலு மாசம் நினைவே இல்ல. கட்டில்லயே கிடந்தான். பார்க்கப் பார்க்க மனசு தாங்காமத்தான் அதை உங்ககிட்ட கொடுத்தோம்."

"இறந்துட்டாரா?"

"ஐயோ, இல்லங்க. எழுந்துட்டான். போனதுக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம். நாலரை இருக்கும். ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு, கண்ணைத் திறந்துட்டான். டாக்டருங்களே நம்பல."

குறிப்பேட்டைப் புரட்டினேன். வியாழன், 4.27.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட பஸ் ஓட்டுறவர் யாராச்சும் வர்றாங்களா? அவருக்கு நன்றி சொல்லணும்னு ஒரே பிடிவாதம். எங்களுக்கு அப்படி யாரையும் தெரியாது. எங்க வீட்டுக்கும் உங்க கிளினிக்குக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவன் கட்டிலை விட்டே இறங்கல. ஆனா அந்த ரூமைப் பத்திச் சொல்றான். ஜன்னல் திரை, நாற்காலி, எல்லாம்..."

"வர்றாரு" என்றேன். "அப்படி ஒருத்தர் வர்றாரு."

அவர் அழுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அங்க டீச்சர்னு யாருங்க? நீல யூனிஃபார்ம் போட்டிருப்பாங்களாம்."

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

"நான்தான்."

நான் இரண்டு தடவை "ஹலோ" என்றேன்.

"ஒண்ணும் இல்லங்க. அவன் என்னவோ உளர்றான். விடுங்க."

"சொல்லுங்க."

"அவன் முறை முடிஞ்சிடுச்சாம். அடுத்தது, உங்க தோள் மேல கை வச்சுக்கிட்டு பின்னாலேயே நிப்பாராமே ஒரு வயசானவர்... அவர் முறையாம்."